கேம்பிரிட்ஜில் இராமானுஜனின் முதல் நாட்கள்

ஆண்டுதோறும் டிசம்பர் 22ஆம் நாள் நம் பள்ளியில் கணித நாள் கொண்டாடப்படுவதை நாம் யாவரும் அறிவோம். கணித மேதை சீனிவாச இராமானுஜன் பிறந்த நாள் அது. 2012ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் தேசிய கணித நாளாக அது போற்றப்படுகிறது. சென்ற முறை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசுவதற்கு எங்கள் வகுப்பில் ஐவர் பெயர் கொடுத்தோம். ஐவரில் நால்வர் 1729 என்ற எண்ணைப் பற்றியே எழுதிக்கொண்டு வந்துவிட்டனர்! மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தவரைக் காண ஹார்டி வாடகைக் காரில் வந்தார். அக்காரின் எண் 1729. இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் படுத்தபடியே சொன்னார் என்பது கதை. கதை உண்மைதான். ஆனால் நான்கு முறை கேட்டபின் ஐந்தாவதாக நான் என்ன பேசுவது? வேறு ஏதேனும் கிடைக்குமா என்று தேடியபோதுதான், 1914ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்து சென்று இறங்கிய முதல் சில மாதங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தது.

அதைப் படிக்க எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. என் அக்கா சென்ற செப்டம்பரில் மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குச் சென்றாள். அவள் புறப்படும் முன் அம்மா பாண்டி பஜாரில் ஒரு வாரம் அலைந்து கம்பளிச் சட்டை, குக்கர், புளி, பருப்புப்பொடி, முறுக்கு என்று வாங்கி, பெட்டியை எடைபோட்டு, பிரித்து, மீண்டும் கட்டி அனுப்பினார். அவள் போய்ச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் தொலைபேசியில் அம்மா, "சாப்பிட்டாயா?" என்று கேட்டதற்கு, "சாப்பிட்டேன் அம்மா, நன்றாக இருக்கிறேன்" என்றாள். மூன்று மாதம் கழித்துத்தான் உண்மை வெளிவந்தது. அந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அன்று முழுவதும் முறுக்கையும் குழாய்த் தண்ணீரையும் கொண்டே பொழுதைக் கழித்திருக்கிறாள். "அடுத்த அறையில் யாரும் இல்லையா?" என்று கேட்டேன். "இருந்தார்கள். முதல் நாளே கதவைத் தட்ட ஒரு மாதிரியாக இருந்தது" என்றாள். பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் என் அக்கா!

இனி இராமானுஜனிடம் வருவோம்.

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். கணிதம் ஒன்றையே கருதி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கல்லூரித் தேர்வுகளில் தோற்றவர். 1912ஆம் ஆண்டு மார்ச் முதல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்தார். 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. முன்பின் அறியாத ஒருவருக்கு, கடலுக்கு அப்பால், தம் வறுமையையும் மறைக்காமல் எழுதினார் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கணிதத்தில் ஐயம் என்றால் எவரிடமும் கேட்கத் தயங்காதவர் அவர்.

முதலில் அவர் இங்கிலாந்து செல்ல இசையவில்லை. வைணவ அந்தணக் குடும்பம்; கடல் கடந்தால் சாதிக்குப் புறம்பாவர் என்று கருதிய காலம். நாமக்கல் நாமகிரித் தாயார் தம் அன்னையின் கனவில் தோன்றி, மகனைத் தடுக்கலாகாது என்று பணித்ததாகவும், அதன் பின்னரே அன்னை இசைந்ததாகவும் கூறுவர். 1914ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சொற்பொழிவு ஆற்றச் சென்னை வந்திருந்த நெவில் என்னும் இளம் கணித அறிஞர் நேரில் பேசி அவருடைய அச்சங்களைப் போக்கினார். தேர்வு எழுத வேண்டுமோ, ஆங்கிலம் போதாதோ, புலால் உண்ணாமல் அங்கே வாழ முடியுமோ என்பவையே அந்த அச்சங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்தது. கேம்பிரிட்ஜின் டிரினிடி கல்லூரி மேலும் 60 பவுன் தர முன்வந்தது.

புறப்படும் முன் நடந்தவை மனத்தை உருக்குகின்றன. குடுமி களையப்பட்டது. கோட்டும் கால்சட்டையும் காலணியும் வந்தன. கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணப் பழக்கப்படுத்தினார்கள். அந்தக் கோலத்தில் அவரைக் காண வேண்டாம் என்று தாயும் மனைவியும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டனர். 1914 மார்ச் 17ஆம் நாள் காலை 'நெவாசா' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு நீங்கியது. வழியனுப்ப அதிகாரிகளும் பேராசிரியர்களும் இருந்தனர். வீட்டுப் பெண்கள் இல்லை. அவர் மனைவி ஜானகி 1899 மார்ச் 21இல் பிறந்தவர். கணக்கிட்டுப் பார்த்தேன். 15 வயது நிறைய அன்று அவருக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. என் வயதுதான்!

முதல் சில நாட்கள் கடற்பயணம் இராமானுஜனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பின்னர்த் தேறினார். ஏப்ரல் 14ஆம் நாள் கப்பல் லண்டனை அடைந்தது. நெவில் தம் சகோதரருடன் மோட்டார் வண்டியில் வந்து அழைத்துச் சென்றார். லண்டனில் குரோம்வெல் சாலையில், இந்திய மாணவர்கள் வந்து தங்குவதற்கென்று இருந்த இல்லத்தில் நான்கு நாட்கள். பின்னர் 18ஆம் நாள் கேம்பிரிட்ஜுக்கு. அங்கும் அவரைத் தனியே விட்டுவிடாமல், செஸ்டர்டன் சாலையில் கேம் ஆற்றங்கரையை ஒட்டிய தம் வீட்டிலேயே நெவிலும் அவர் துணைவியாரும் வைத்துக்கொண்டனர். ஜூன் மாதத் தொடக்கம் வரை அவர் அங்கேதான் இருந்தார்.

இதை நான் சற்று விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பின் அறியாத நகரத்தில் இறங்கும் ஒருவருக்கு ஒரு வீடும், அதில் பேசத்தக்க மனிதரும் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி! அந்த நாட்களைப் பற்றி நெவில் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சுவையற்ற வேகவைத்த காய்கறிகள் இராமானுஜனுக்குப் பிடிக்கவில்லையாம். அதைவிடக் காலணிகள் பெருந்துன்பம் தந்தனவாம். எண்ணிப் பாருங்கள், தோழியரே! 26 ஆண்டுகள் கும்பகோணத்து மண்ணிலும் திருவல்லிக்கேணித் தெருக்களிலும் தடையின்றி நடந்து பரந்த பாதங்கள் அவை. அவற்றைத் தோற்கூட்டில் இறுக்கினால் நோகாமல் என்ன செய்யும்? அறைக்குள் செருப்பு அணிந்தே நடமாடினார். ஆயினும் அந்த நாட்களில் அவர் மகிழ்ச்சியாகவே இருந்தார் என்கிறார் நெவில். தாம் சொல்வதைப் புரிந்துகொள்ளும் மனிதர்கள் வாழ்வில் முதன்முறையாகக் கிடைத்துவிட்டார்களே! ஹார்டியும் நெவிலும் பிறரும் எளிமையும் அன்பும் உள்ளவர்கள் என்று அவரும் ஊருக்கு எழுதினார்.

ஜூன் மாதத்தில் டிரினிடி கல்லூரியின் ஹ்யூவெல் கோர்ட் என்னும் பகுதியில் அவருக்கு அறைகள் கிடைத்தன. ஹார்டியையும் லிட்டில்வுட்டையும் நாள்தோறும் காண்பதற்கு அது வசதி. வேலைக்கு நல்லதுதான். ஆனால் நெவில் வீட்டுச் சாப்பாட்டு மேசை அன்றோடு போயிற்று.

டிரினிடியில் மாணவரும் ஆசிரியரும் ஒரு பெரிய கூடத்தில் சேர்ந்து உண்பது வழக்கம். ஒருவரையொருவர் அறிந்துகொள்வதும் அங்கேதான். நம் விடுதி மாணவியரைக் கேட்டால் சொல்வார்கள். நட்பு முளைப்பது வகுப்பறையில் அன்று, சாப்பாட்டுக் கூடத்தில்தான். இராமானுஜனோ அங்கே உண்ண இயலாதவர். காய்கறியானாலும் அதில் விலங்குக் கொழுப்புக் கலந்திருக்குமோ என்ற அச்சம். ஆகவே தம் அறையிலேயே, எரிவாயு அடுப்பில், தாமே சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கிவிட்டால் உண்ணும் வேளையும் உறங்கும் வேளையும் தவறிப்போகும். ஊரிலிருந்து புளியும் தேங்காயெண்ணெயும் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறார். இதைப் படித்ததும் என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நூறு வருஷம் ஆனாலும் புளிக்கு மாற்று இல்லை" என்றார் அம்மா.

அவர் சென்ற நான்காம் மாதமே, 1914 ஆகஸ்டு 4ஆம் நாள், இங்கிலாந்து போரில் இறங்கியது. டிரினிடியின் ஒரு முற்றமே காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை ஆயிற்று. மாணவர்கள் படைக்குச் சென்றுவிட்டனர். லிட்டில்வுட்டும் பிறகு படைப்பணிக்குச் சென்றார். கேம்பிரிட்ஜ் நாளுக்கு நாள் வெறுமையாயிற்று. பொருள்களின் விலை ஏறியது. பழகுவதற்கு ஆள் தேடும் ஒருவருக்கு இதைவிடப் பொருந்தாத காலம் வேறு இருக்க முடியாது.

வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு ஓர் அழகான நிகழ்ச்சி உண்டு. ஒரு நாள் ஆர்தர் பெர்ரி என்ற ஆசிரியர் கரும்பலகையில் சூத்திரங்களை எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது இராமானுஜனின் முகம் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. "நீர் ஏதேனும் சொல்ல விரும்புகிறீரா?" என்று கேட்டார். இராமானுஜன் எழுந்து சென்று, ஆசிரியர் இன்னும் நிறுவாத முடிவுகளையே பலகையில் எழுதிவிட்டு வந்து அமர்ந்தார்! அந்நிய நாட்டில், அந்நிய மாணவர் நடுவில், சிறிதும் கூச்சமில்லை.

இப்போது இதே மனிதரின் படுக்கையறைக்குச் செல்வோம்.

அப்போது கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர் படித்துவந்தார். பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அதே பேரறிஞர்தான். குளிர் தொடங்கிய நாட்களில் ஒரு முறை இராமானுஜனின் அறைக்குச் சென்றவர், "இரவில் குளிர் தாங்குகிறதா?" என்று கேட்டார். தாங்கவில்லை என்றார் இராமானுஜன். மேலங்கியையும் அணிந்துகொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறதாம். போதிய கம்பளிகள் இல்லையோ என்று ஐயுற்ற மகலனோபிஸ் உள்ளே சென்று பார்த்தார். கம்பளிகள் வேண்டிய அளவு இருந்தன! ஆனால் அந்நாட்டு வழக்கப்படி அவை மெத்தையின் கீழ் நன்றாகச் செருகி இறுக்கி விரிக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு துணி விரிப்பு மட்டும் தளர்வாகக் கிடந்தது. கம்பளிகளை விலக்கி அவற்றுக்குள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. மேல் விரிப்பின் அடியில் மட்டுமே அத்தனை நாளும் படுத்து நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் கம்பளிகளை விலக்கி, உள்ளே நுழைவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார்.

இதை நான் வகுப்பில் சொன்னபோது சிலர் சிரித்தனர். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கும்பகோணத்து வீட்டில் படுக்கை என்பது என்ன? இரவில் பாயை விரிக்கிறோம். போர்வையை எடுத்து மேலே போர்த்துகிறோம். காலையில் சுருட்டி மூலையில் வைக்கிறோம். இழுத்துச் செருகி வைத்த படுக்கையை ஒருவர் முதன்முதலாகப் பார்த்தால், அது கலைக்கக்கூடாத அலங்காரம் என்று நினைப்பதில் என்ன பிழை? அறிவுக் குறைவு அன்று. யாரும் சொல்லவில்லை, அவ்வளவே. அந்நாட்டில் பிறந்தவருக்கு அது சொல்லித்தர வேண்டிய செய்தியாகவே தோன்றியிருக்காது. மூச்சு விடுவது எப்படி என்று யாரேனும் விருந்தாளிக்குக் கற்றுக்கொடுப்பார்களா?

ஆனால் அவர் ஏன் கேட்கவில்லை? இதுதான் என்னை விடாமல் துரத்திய கேள்வி. கடலுக்கு அப்பாலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதத் தயங்காதவர், பெர்ரியின் பலகையில் அஞ்சாமல் எழுதியவர், "இந்தக் கம்பளிக்குள் எப்படிப் போவது?" என்று மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஒருவரிடம் கேட்கவில்லை. என் எண்ணத்தைச் சொல்கிறேன்; தவறாயின் எங்கள் கணித ஆசிரியை பொறுத்தருள்க. பெரிய கேள்வியைக் கேட்பது எளிது. அது நம்மை உயர்த்திக் காட்டும். சிறிய கேள்வி நம்மைச் சிறுபிள்ளையாக்கிவிடும் என்று அஞ்சுகிறோம். ஒரு நாள் கேட்காவிட்டால், மறுநாள் கேட்பது இன்னும் கடினம். பத்து நாளுக்குப் பின் கேட்கவே முடியாது.

மறுபக்கமும் உண்டு. இராமானுஜன் நாள்தோறும் ஐந்தாறு புதிய தேற்றங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பழையவற்றை எப்படிக் கண்டீர் என்று கேட்டு அவரைத் தொல்லைப்படுத்துவது பொருத்தமாகத் தோன்றவில்லை என்று ஹார்டி எழுதியிருக்கிறார். கணிதத்திலேயே அப்படியென்றால், "இரவில் தூங்கினீரா, என்ன உண்டீர்?" என்ற கேள்விகளுக்கு இடமேது? ஹார்டியை நான் குறை கூறவில்லை. இராமானுஜனுக்காக அவர் செய்தவை பல. ஆயினும் அந்தக் கேள்வியைக் கேட்டவர் 21 வயதே ஆன ஒரு மாணவரே என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தானும் ஓராண்டுக்கு முன் வந்து, அதே படுக்கையைக் கண்டு விழித்தவராக இருந்திருப்பாரோ என்னவோ!

குளிரில் படுத்ததால்தான் இராமானுஜனுக்கு நோய் வந்தது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 1917இல் தொடங்கிய நோயைக் காசநோய் என்று கருதியே மருத்துவம் செய்தனர். இந்தியாவில் இளமையில் வந்த வயிற்றுக்கடுப்பின் தொடர்ச்சியாக, அமீபாக் கிருமி கல்லீரலைத் தாக்கியிருக்கலாம் என்று டாக்டர் யங் என்பவர் 1994இல் ஆராய்ந்து எழுதினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் டிரினிடியின் ஃபெலோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஜானகி அம்மாளுக்கு அப்போது 21. கணவர் வெளிநாட்டில் இருந்த ஐந்தாண்டுகளிலும் தாம் எழுதிய கடிதங்கள் அவரைச் சேரவில்லை, அவர் எழுதியவையும் தம் கைக்கு வரவில்லை என்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். வீட்டிலேயே தடுக்கப்பட்டனவாம். கேம்பிரிட்ஜில் குளிர்கிறது என்று அவர் எழுதியிருந்தாலும் இவர் அறிந்திருக்க மாட்டார். தையற்கலை கற்று, திருவல்லிக்கேணியில் தம் உழைப்பால் வாழ்ந்து, 1994இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார். நம் தியாகராய நகரிலிருந்து பேருந்தில் சென்றால் அரைமணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் இடம். நம் பாட்டிமார் அவரைக் கண்டிருக்கலாம்.

ஜானகி என்றதும் இன்னொரு ஜானகி நினைவுக்கு வருகிறார். தாவரவியல் அறிஞர் இ. கே. ஜானகி அம்மாள். 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். ஆசியப் பெண்களுக்கென்று ஏற்பட்ட பார்பர் உதவித்தொகையைப் பெற்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு 1924இல் சென்றார். நியூயார்க்கில் எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரிகள் அவரை நிறுத்தி வைத்தனராம். பட்டுச்சேலையும் நீண்ட கூந்தலும் கண்டு, இந்திய இளவரசியோ என்று எண்ணி விட்டுவிட்டார்களாம். இளவரசி என்று தாம் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை என்று அவரே சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது! அங்கே அவர் தங்கியது மார்த்தா குக் இல்லம் என்னும் பெண்கள் விடுதியில். பல பெண்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் இடம். 1931இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். இராமானுஜனைவிட அவர் கெட்டிக்காரர் என்பதல்ல நான் சொல்வது. ஒருவர் போர்க்காலத்தில் தனி அறையில். மற்றவர் அமைதிக் காலத்தில் நிறைந்த விடுதியில். போய்ச் சேரும் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் படிப்பில் ஒரு பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

கணித நாளன்று நேரமின்மையால் நான் இதில் கால் பங்கே பேச முடிந்தது. மணி அடித்துவிட்டார்கள். அன்றிரவு அக்கா தொலைபேசியில் வந்தபோது கம்பளிக் கதையை முழுவதும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை முறுக்குச் செய்தி வெளியே வந்தது. அம்மா அழுதுவிட்டார்.

சென்ற மாதம் அவளே கூப்பிட்டாள். எதிர் அறைக்கு வியட்நாமிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாளாம். வந்து இறங்கியது வெள்ளிக்கிழமை மாலை. "பெட்டியை அப்படியே வைத்துவிட்டு முதலில் கடைக்கு வா, ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒன்றும் கிடைக்காது என்று இழுத்துக்கொண்டு போனேன்" என்றாள். பிறகு, "அந்த ஊரிலும் புளி உண்டாம். அவள் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருக்கிறாள், அம்மாவிடம் சொல், இந்த மாதம் அனுப்ப வேண்டாம்" என்றாள்.